பேட்டரி வைக்க ஓர் இடம்

சங்கரன்கோவில் லாரிக்காரர்கள் மத்தியில் ஒரு கேலி உண்டு. "சண்முகையா வண்டியக் கெளப்புததுக்குள்ள கோமதியம்மன் தபசு முடிஞ்சு சாமி காட்சியே கிடைச்சிரும்" என்பார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்தபடி வண்டியைச் சுற்றி வருவார். கயிற்றை இழுத்துப் பார்ப்பார், லைட்டைத் துடைப்பார், கடைசியாகக் குனிந்து பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். அது ஆடாமல் இருந்தால்தான் சாவியை எடுப்பார். கிளீனர் ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார். முப்பத்தெட்டு வருடம் லாரி ஓட்டி ஒரு விபத்துகூடச் செய்யாத மனிதர் என்ற பேர் பின்னே சும்மாவா வரும்.

பேட்டரி மேல் மட்டும் ஏன் இத்தனை சந்தேகம் என்றால், அதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூற்று மூன்றில் ஒரு மழை நாள் சாயங்காலம், செங்கோட்டை மலைப்பாதையில் சிமெண்டு ஏற்றிக்கொண்டு போனார். பேட்டரியைப் பிடித்திருந்த போல்ட் முந்தின நாளே அறுந்துபோக, கிளீனர் கயிற்றால் கட்டி வைத்திருந்தான். மூன்றாவது வளைவில் கயிறு விட்டது. பேட்டரி சாய்ந்து இரும்பில் உரச, பொறி பறந்து வயர் கருகி, இருந்த லைட் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டது. வளைவில் இருட்டாக நிற்கிற லாரியை எதிரே இறங்கி வருகிற பஸ்ஸுக்கு எப்படித் தெரியும்? சண்முகையா சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டே மழையில் ஓடினார். பஸ் ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. உள்ளே ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். அன்றிலிருந்து, ஒழுங்காக மாட்டாத பேட்டரியோடு வண்டி எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். நல்ல கொள்கை. யாராலும் குறை சொல்ல முடியாத கொள்கை. அதுதான் பின்னால் வினையாக வந்தது.

அவர் முதன்முதலாக ஓட்டியது ஒரு மூக்கு லாரி. அறுபத்தொன்பதாம் வருடத்து வண்டி. இப்போதைய லாரிகள் மாதிரி முகம் தட்டையாக இருக்காது. எஞ்சின் முன்னால் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு வயதில் அதில் ஏறியவர், புளியங்குடி எலுமிச்சையும் ராயகிரி நெல்லுமாக இருபது வருடத்துக்கு மேல் அதிலேயே ஓட்டினார். பிறகு முதலாளி புது வண்டிகள் வாங்கினார். மூக்கு லாரி அவருடைய அரிசி ஆலைக்குப் பின்னால் உடைமரத்தடியில் நின்றுபோனது. சண்முகையா புது வண்டிகளுக்கு மாறினார், ஆனால் முதலாளி மாறவில்லை. முதலாளியின் சட்டமும் மாறவில்லை. வண்டிக்குள் பெண்கள் ஏறக் கூடாது என்பது அந்தச் சட்டம். சாமி படம் இருக்கிற இடம் என்பார். அம்மன் படத்தை மாட்டி வைத்துக்கொண்டு பெண் ஏறக் கூடாது என்றால் அது என்ன நியாயம் என்று அவரிடம் கேட்க ஆளில்லை.

சண்முகையா சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை. அதனால் அவர் மனைவி கனகலட்சுமிக்கு அந்த லாரியில் கிடைத்த இடம் இடது பக்கப் படி மட்டும்தான். லோடோடு ஊரைத் தாண்டிப் போகிற நாட்களில் வீட்டுக்கு வந்து சாப்பிட நேரம் இருக்காது. அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கழுகுமலை ரோட்டு முக்கில் வந்து நிற்பாள். வண்டி நின்றதும் இடது பக்கப் படியில் ஒரு காலை வைத்து எம்பி, ஜன்னல் வழியாகச் சட்டியை நீட்டுவாள். அவர் சீட்டில் சாய்ந்து கையை நீட்டி வாங்கிக்கொள்வார். ஒரு கால் வண்டியில், ஒரு கால் மண்ணில். "புளிக்கொழம்பு, சூடா இருக்கு, பாத்து" என்பாள். அதோடு இறங்கிவிடுவாள்.

இப்படியே வருடங்கள் போய், மகள் மாரிசெல்வி படித்துக் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனாள். சண்முகையா அறுபது வயதில் வண்டியை விட்டு இறங்கினார். அதற்குச் சில வருடம் கழித்து முதலாளி காலமானார். மகன்கள் ஆலையை இடிக்கும்போது மூக்கு லாரியையும் உடைக்கக் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டு, சண்முகையா போய் நின்றார். எதுவும் கேட்கவில்லை, சும்மா நின்றார். மூத்த மகனுக்கு என்ன தோன்றியதோ, சாவியைக் கொடுத்து, கொஞ்ச நாளில் காகிதங்களையும் முடித்துக் கொடுத்துவிட்டான். வீட்டை ஒட்டிக் கிடந்த காலிமனையில், வேப்ப மரத்தடிக்கு லாரி கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது.

வேறு வீடாக இருந்தால் அன்றைக்குச் சண்டை நடந்திருக்கும். கனகலட்சுமி வெளியே வந்து, துருப்பிடித்த லாரியை மூக்கிலிருந்து வால்வரை பார்த்தாள்.

"ஓடுமா?" என்று கேட்டாள்.

"ஓட வச்சிரலாம்."

"அப்போ ஓட வச்சு, என்னைய ஏத்திக்கிட்டு வாசுதேவநல்லூர் வரைக்கும் ஒரு தடவ போயிட்டு வாங்க."

வாசுதேவநல்லூர் அவள் பிறந்த ஊர். சண்முகையாவுக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. "ஏட்டி, அங்க போவணும்னா ஒரு காரப் பிடிச்சுப் போலாமே. இன்னைக்கே போலாம்" என்றார்.

"கார்லயும் பஸ்லயும் ஆயிரம் தடவ போயாச்சு. முப்பத்தெட்டு வருசமா அந்தக் கண்ணாடி வழியா என்னத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தியன்னு நான் பாக்கணும்."

அவள் வாழ்க்கையில் அவரிடம் கேட்டவை கொஞ்சம். அதிலும் இப்படித் தனக்கென்று கேட்டது அநேகமாக இது ஒன்றுதான். சண்முகையா அன்று மத்தியானமே எஞ்சின் மூடியைத் திறந்துவிட்டார்.

ஒரு வருடம் ஆனது. ராஜபாளையம் ரோட்டில் வண்டிகளுக்கு வயரிங் வேலையும் வெல்டிங்கும் பார்க்கிற ரிபாயி, பட்டறை வேலை முடிந்த நேரத்தில் வந்து கூடமாட நின்றார். கடையநல்லூர்க்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். சண்முகையாவை அண்ணாச்சி என்பார், கனகலட்சுமியை மதினி என்பார். எஞ்சின் சரியானது, பிரேக் சரியானது, பின்பக்கப் பாடிக்குப் புதுப் பலகை அடித்தார்கள். சீட்டுக்கு மெரூன் கலர் ரெக்சின் போடச் சொன்னது கனகலட்சுமி. எல்லாம் முடிந்து மிச்சம் இருந்தது பேட்டரி ஒன்றுதான். ரிபாயி அரை நாள் வேலை என்றார்.

அந்த நேரத்தில்தான் கனகலட்சுமிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. குடத்தைத் தூக்கினால் வாங்கும், பிறகு சும்மா நடந்தாலே வாங்கும். திருநெல்வேலியில் டாக்டர் ஒருவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, அவளை வெளியே உட்கார வைத்துச் சண்முகையாவிடம் மட்டும் பேசினார். இருதயம் பாதி வேலைதான் செய்கிறது, மாத்திரையில் ஓட்டலாம், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது, மாடிப்படி ஏற விடாதீர்கள், புகை நெடி எதுவும் ஆகாது என்றார். மாடிப்படி என்று அவர் சொன்னபோது சண்முகையாவுக்கு லாரியின் படிதான் ஞாபகம் வந்தது. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கிற ஒற்றைப் படி. கனகலட்சுமிக்கு முழங்காலும் முன்னைப்போல் மடங்காது.

ஊர் திரும்பியதும் ரிபாயியிடம் சொன்னார். "தம்பி, எடது பக்கம் தாழ ஒரு படி, அதுக்கு மேல ஒரு படின்னு ரெண்டு படி வெல்டு வச்சிரு. அவ கால் நோவாம ஏறணும்."

"வச்சிரலாம் அண்ணாச்சி. ஆனா பேட்டரிப் பெட்டி அங்கனதான வரும்? இந்த வண்டிக்குக் கம்பெனி வச்ச எடமே எடது பக்கப் படிக்குக் கீழதான."

அதுதான் ஆரம்பம். படியை இறக்கினால் பேட்டரிக்கு இடமில்லை. பேட்டரியை வைத்தால் கனகலட்சுமிக்குப் படியில்லை. சண்முகையாவுக்கு இதில் ஒரு கணம்கூடக் குழப்பம் இல்லை. படி அவளுக்கு, பேட்டரி வேறு எங்கேயாவது போகட்டும் என்றார். எங்கே என்பதில்தான் வண்டி நின்றது.

வேறொருவராக இருந்தால் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்திருப்பார். சண்முகையா பலகையை அறுத்து, அசல் பேட்டரி அளவுக்கே ஒரு பெட்டி செய்து, எடையும் சரியாக இருக்க வேண்டும் என்று மணலை அள்ளிப் போட்டு ஆணி அடித்தார். அதைத் தூக்கிக்கொண்டு லாரியைச் சுற்றத் தொடங்கினார். எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே இருக்கிற சூட்டில் பேட்டரித் தண்ணீர் ஒரு வாரத்தில் வற்றிவிடும். டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். சீட்டு ஸ்பிரிங் அமுங்கி பேட்டரி முனையில் பட்டால் உட்கார்ந்திருக்கிறவருக்கு அடியிலேயே தீப்பிடிக்கும். ஸ்பிரிங்கை மாற்றலாம் என்றார் ரிபாயி. ஸ்பிரிங்கை மாற்றலாம், ஆனால் சார்ஜ் ஏறும்போது வருகிற ஆசிட் நெடி வண்டிக்குள்ளேயேதானே சுற்றும், அவளுக்கு நெடி ஆகாதே என்றார் சண்முகையா. இடது சீட்டுக்கு அடியில் என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. வலது பக்கம் டீசல் டேங்க் இருந்தது.

கனகலட்சுமி வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் ரிபாயியிடம் சொன்னாள்.

"தம்பி, ஒங்க அண்ணாச்சி அந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு அலையுததப் பாத்தா, ரெண்டாவதா ஒருத்தியக் கெட்டிக்கிட்டு வந்து, எந்த ரூம்ல வைக்கன்னு தெரியாம முழிக்க மாதிரில்லா இருக்கு."

ரிபாயி சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார். சண்முகையாவும் சிரித்தார். ஆனாலும் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எதுக்கு இந்தப் பாடு? பேட்டரிய அதோட எடத்துலயே வையுங்க. நான் ஒரு ஸ்டூலப் போட்டு ஏறிக்கிடுதேன்."

"என் வண்டியில நீ ஸ்டூல் போட்டா ஏறணும்?" என்றார் சண்முகையா. கோபமாகவே கேட்டார். நாற்பது வருடம் அவளைப் படியிலேயே நிறுத்திவைத்த குற்றத்துக்கு, இந்தத் தடவை ராணி மாதிரி ஏற்ற வேண்டும் என்று அவர் மனதில் இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் நாலு வார்த்தை திட்டியாவது அந்தக் கிறுக்கைத் தெளிய வைத்திருப்பாள்.

ஒரு மத்தியானம் அவர் டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வரும்போது பார்த்தால், கனகலட்சுமி அந்த மணல் பெட்டியை லாரியின் இடது பக்கம் எப்படியோ தள்ளிக்கொண்டு வந்து போட்டு, அதன் மேல் ஏறி, படியில் ஒரு காலை ஊன்றி, ஒரு கையால் கதவுக் கம்பியைப் பிடித்திருந்தாள். இன்னொரு காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டியதுதான் பாக்கி. மூச்சு இரைத்தது, ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஏளா, எறங்கு, எறங்கு. பெட்டி சாஞ்சிரும்" என்று ஓடிவந்து, இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"இன்னும் ஒரு எட்டுதான் இருந்துச்சு" என்றாள் அவள்.

கடைசியில் ஒரு இடம் அமைந்தது. கேபினுக்குப் பின்னால், பாடிக்கு முன்னால், சேசிஸ் சட்டத்தின் மேல் ஒரு முழம் இடைவெளி இருக்கிறது. மணல் பெட்டி அங்கே சரியாக உட்கார்ந்தது. சூடு இல்லை, நெடி இல்லை, கல் தெறிக்காது, மூடி போட்டுப் பூட்டினால் களவும் போகாது. ஒரே குறை, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தூரம் அதிகம். தூரம் போனால் பேட்டரியின் பலம் வயரிலேயே தேய்ந்துவிடும், அதற்குத் தடிமனான கேபிள் வேண்டும். சங்கரன்கோவிலில் கிடைத்தது பெருவிரல் தடிமன். போதும் என்றார் ரிபாயி. சண்முகையாவுக்குப் போதவில்லை. மதுரையில் சொல்லிவைத்து வர ஒரு வாரம். பேட்டரிக்குத் தொட்டி அடித்து, துருப்பிடிக்காமல் பெயிண்ட் அடித்து, அது காய ஒரு நாள், மறுபடி ஒரு பூச்சு, அது காய ஒரு நாள். பிடித்து நிறுத்துகிற பட்டைக்கு அடியில் ரப்பர் சரியாக இல்லை என்று அதைக் கழற்றி மறுபடி மாட்டினார். கார்த்திகையில் தொடங்கியது தையைத் தாண்டியது. ஒரு பேட்டரியை வைக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்ட மனிதர் திருநெல்வேலிச் சீமையிலேயே சண்முகையா ஒருவராகத்தான் இருப்பார்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. புதுப் பேட்டரி வந்து இறங்கியது. தொட்டியில் கடைசிப் பூச்சு ஈரமாக இருந்ததால், பேட்டரியை வேப்ப மரத்தடியில் தரையிலேயே வைத்து, நீள வயர் கொடுத்து எஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்ப்போம் என்றார் ரிபாயி. சாவியைத் திருகினார்கள். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. இருபது வருடமாகக் கேட்காத அந்தச் சத்தம் தெருவெல்லாம் போனது.

சத்தம் கேட்டுக் கனகலட்சுமி வெளியே வந்தாள். உடனே வரவில்லை, கொஞ்சம் தாமதித்து வந்தாள். காரணம் பார்த்ததும் தெரிந்தது. தலை சீவி, மகள் தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த பச்சைச் சேலை கட்டி, ஒரு முழம் பிச்சிப்பூ வைத்திருந்தாள். கையில் தூக்குச்சட்டி இருந்தது.

"கெளம்பலாம்லா?" என்றாள்.

சண்முகையா பேட்டரியைப் பார்த்தார். "இன்னைக்கு எப்படிட்டி? பேட்டரி இன்னும் மாட்டலயே. பெயிண்ட் காயணும். வெள்ளிக்கெழம காலைல பூச போட்டு, எலுமிச்சம்பழம் வச்சு, நல்ல நேரத்துல எடுப்போம்."

ரிபாயிக்கு அந்தப் பச்சைச் சேலையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அண்ணாச்சியைத் தனியே இழுத்துப் போய்ச் சொன்னார். "அண்ணாச்சி, இது டீசல் எஞ்சின். ஓட ஆரம்பிச்சாப் பேட்டரியே வேண்டாம். ஒங்களுக்குத் தெரியாததா? விருதுநகர்ல பேட்டரி களவு போயி, தள்ளி ஸ்டார்ட் பண்ணி ஊர் வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்தவருல்லா நீங்க. நான் வயரக் கழட்டிடுதேன். ஹார்ன் அடிக்காது, அவ்வளவுதான. மதினிய ஏத்திக்கிட்டுப் பகலோட பகலா போயிட்டு வந்துருங்க."

"அது சின்ன வயசுல செஞ்ச கிறுக்குத்தனம் தம்பி. நடுவழியில அணைஞ்சு போச்சுன்னா? அவளையா எறங்கித் தள்ளச் சொல்ல முடியும்? மூச்சு வாங்குதவளக் கொண்டுபோயி வெயில்ல நிப்பாட்டவா?" என்றார் சண்முகையா. "மூணு நாளுதான, வெள்ளிக்கெழம."

கனகலட்சுமிக்கு அவர்கள் பேசியது கேட்டிருக்கும். அவள் புதிதாக வைத்த படிகளின் பக்கம் போய், கீழ்ப்படியில் வலது காலை வைத்து, எவ்வளவு உயரம் என்று பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு கால் வண்டியில், ஒரு கால் மண்ணில்.

"படி நல்லா இருக்கு" என்றாள். பிறகு தூக்குச்சட்டியை அவரிடம் நீட்டினாள். "தயிர்சோறுதான். ரெண்டு பேரும் இங்கனயே சாப்பிடுங்க." உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. குடம் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சண்முகையா லாரிக்கு அடியில் படுத்து, பேட்டரித் தொட்டியின் போல்ட்டுகளை ஒன்றொன்றாக முறுக்கிக்கொண்டிருந்தார். "ஏட்டி, தண்ணி வழியுது பாரு" என்று இரண்டு தடவை சத்தம் கொடுத்தார். மூன்றாவது தடவை கொடுக்காமல் எழுந்து போனார். அவள் அடுப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. கையைத் தொட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், நாளைக்கு வெள்ளிக்கிழமை, நாளைக்கு வெள்ளிக்கிழமை என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து அவரைத் தூக்கி வெளியே கொண்டுபோய் உட்கார வைக்கும்போதும் அதையேதான் சொன்னார்.

மாரிசெல்வி திருப்பூரிலிருந்து வந்து விழுந்து அழுதாள். எடுத்த பிறகும் சொந்தக்காரர்கள் நாலு நாள் வந்துபோனார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் காலிமனையில் பளபளவென்று நிற்கிற லாரியைப் பார்த்து, இதில் எங்கேயாவது போய்வந்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகளும் புறப்பட்டுப் போனாள். தன்னோடு வந்துவிடச் சொன்னாள், அவர் வீட்டை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலை ரிபாயி பார்க்க வந்தார். சண்முகையா வேப்ப மரத்தடியில் அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பேட்டரி பதினெட்டு நாளாக அதே இடத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. தொட்டி காய்ந்து, கேபிள் இழுத்து, எல்லாம் தயாராக இருந்தது. பேட்டரியைத் தூக்கி வைக்க வேண்டியதுதான்.

வேலைக்காரன் வேலையைப் பற்றித்தானே பேசுவான். "வச்சிரவா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"வேண்டாம். அன்னைக்கு மாதிரி தரையிலயே வச்சு ஸ்டார்ட் பண்ணு. பண்ணிட்டு வயரக் கழட்டிரு."

ரிபாயி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னபடி செய்தார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வயர்களைக் கழற்றிச் சுருட்டினார். சண்முகையா வண்டியைச் சுற்றி வரவில்லை, டயரை உதைக்கவில்லை, எதையும் ஆட்டிப் பார்க்கவில்லை. வலது பக்கம் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். "நானும் வாரேன் அண்ணாச்சி" என்று ரிபாயி இடது பக்கக் கதவுக்குப் போனார். சண்முகையா அந்த மெரூன் சீட்டைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். அங்கே வேறு ஒருவர் உட்காருவதை அவரால் தாங்கியிருக்க முடியாது.

செங்கோட்டையில் நடந்த அந்த மழை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, பேட்டரியே இல்லாத வண்டியை வேண்டுமென்றே ரோட்டில் ஏற்றினார். ஹார்ன் இல்லை. கையை வெளியே நீட்டிச் சைகை காட்டிக்கொண்டே ஓட்டினார். புளியங்குடியில் எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே நின்று நின்று ஊர்ந்தார். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். அது ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. வாசுதேவநல்லூரில் குளத்தங்கரை ஓரம் வண்டியை ஒதுக்கி, எஞ்சினை அணைக்காமல், கண்ணாடி வழியாகப் பார்த்தார். மலை இருந்தது, குளத்தில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது, ரோட்டில் பஸ் வந்தது, ஒரு நாய் குறுக்கே போனது. முப்பத்தெட்டு வருடம் பார்த்தது இவ்வளவுதான். இதில் ஒன்றுமே இல்லை கனகு என்று சொல்ல இடது பக்கம் திரும்பினார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

ரிபாயி பட்டறைக்குப் போகாமல் வேப்ப மரத்தடியிலேயே காத்திருந்தார். லாரி வந்து, பழைய இடத்திலேயே நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சண்முகையா இறங்கவில்லை. ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது.

ரிபாயி ஏறிப் போய், எஞ்சினை அணைக்கிற கம்பியை இழுத்துவிட்டு, அவர் முதுகில் கையை வைத்தார். சத்தம் அடங்கியதும் தெருவே அமைதியாகிவிட்டது.

"என்ன அண்ணாச்சி? வழியில வண்டி எதுவும் தொந்தரவு பண்ணிச்சா?"

சண்முகையா தலையை நிமிர்த்தினார். ரிபாயியைப் பார்த்துச் சொல்லவில்லை, கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஒரு தடவகூட அணையல தம்பி. போக வர ஒரு தடவகூட அணையல. ஒரு எடத்துலயாவது நின்னுருக்கலாம்லா."

வெகுநேரம் கழித்து இறங்கினார். ரிபாயி பேட்டரியின் மேல் கிடந்த சாக்கை எடுத்துவிட்டு, பின்னால் வைக்கவா, இல்லை கம்பெனி வைத்த இடத்திலேயே படியை எடுத்துவிட்டு வைக்கவா என்று மெதுவாகக் கேட்டார். சண்முகையா வீட்டைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னார்.

"எங்கன வேணும்னாலும் வையி."